கல்லடி படும் இரும்புக்கு எந்தச் சட்டை?

“அண்ணே, எல்லாத்தையும் பவுடர் கோட்டிங் போட்டுடுங்க. இனிமே துருவே பிடிக்கக் கூடாது.”

“தம்பி, முதல்ல வண்டியை எங்கெல்லாம் ஓட்டப் போறேன்னு சொல்லு. அப்புறம் எதைப் போடலாம்னு பார்ப்போம்.”

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடு பக்கம் எந்தப் பட்டறை வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி லேத், வெல்டிங், பிளாஸ்டிங், பெயிண்டிங் என்று ஜாப் ஒர்க் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கொஞ்சம் மேற்கே போனால் ஆவடி. அங்கே டாங்கித் தொழிற்சாலை இயங்குகிறது. கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இன்று பழைய ஜீப்பையோ, ஜிப்சியையோ, தாரையோ வாங்கி, ஸ்கிட் பிளேட், சைடு ஸ்டெப், ரூஃப் கேரியர் என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு வரும் முதல் குழப்பம், பவுடர் கோட்டிங்கா, துருத்தடுப்புப் பெயிண்டா என்பதுதான்.

அழகுக்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை இது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மிலோ, அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டிலோ துரு உள்ளே அரித்துக்கொண்டே போனால், மலை இறக்கத்தில் ஒரு பள்ளம் போதும். அப்போது வண்டியில் குழந்தைகளும் இருப்பார்கள்.

பவுடர் கோட்டிங் என்ன செய்கிறது?

இதில் தின்னர் கிடையாது. நைசான வண்ணத் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் துப்பாக்கியால் தெளிப்பார்கள். எர்த் செய்யப்பட்ட இரும்பில் அது மாவு போல ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுப்பில் ஏற்றி, பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் வேகவைப்பார்கள். தூள் உருகி, ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான தோலாகிவிடும். சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் கனம் இருக்கும்.

பலன் கண்ணுக்கே தெரியும். மேடு பள்ளமில்லாத பூச்சு, வழிந்த தடம் இல்லை, லேசான உரசலுக்கு அசையாது. பெட்ரோல் நாலு சொட்டு சிந்தினாலும் உடனே கரையாது.

பலவீனம் அடிபடும்போதுதான் தெரியும். கூர்மையான கல் ஒன்று தெறித்து அந்தத் தோலைக் கிழித்துவிட்டால், ஈரம் அந்த ஓட்டை வழியாக இரும்புக்குப் போய்ச் சேரும். துருவாக மாறும் இரும்பு முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேலே உள்ள தோலை நெம்பித் தூக்கும். தூக்கிய இடைவெளியில் இன்னும் ஈரம் புகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே துரு ஊர்ந்துகொண்டே போகும். ஒருநாள் விரலால் கிள்ளினால் தகடாக உரிந்து வரும்.

அதை வீட்டில் முழுதாகச் சரிசெய்யவும் முடியாது. டப்பா பெயிண்ட்டால் ஒட்டுப் போடலாம், அவ்வளவுதான். பழையபடி வேண்டுமென்றால் பாகத்தைக் கழற்றி, பூச்சை முழுவதும் எடுத்து, மறுபடி அடுப்பேற்ற வேண்டும்.

பெயிண்ட் எங்கே ஜெயிக்கிறது?

பெயிண்ட் என்றதும் ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே கறுப்பு பூசுவது மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. துத்தநாகம் அதிகமுள்ள ஸிங்க் ரிச் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, அதற்கும் மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் என்று அடுக்கடுக்காகப் போடும் முறை இருக்கிறது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தன்னைக் கொடுத்துக்கொள்ளும். அதனால் சின்னக் கீறல் விழுந்தாலும் உடனே துரு பரவாது.

உப்புக் காற்றுக்கு நடுவே நிற்கும் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலோக்ஸேன் என்ற பெயிண்ட் பூச்சுதான் காவல். அவ்வளவு பெரிய பாலத்தை அடுப்பில் வைக்க முடியாது. பெயிண்ட் என்றால் தேய்ந்த இடத்தை நின்ற இடத்திலேயே சுரண்டிப் பூசலாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்துச் சோதிப்பதும் இந்த அரிப்பைப் புரிந்துகொள்ளத்தான்.

வண்டிக்கும் அதே கணக்குதான். அடிபடும் இடத்துக்கு அசையாத பூச்சைவிட, அடிபட்ட அன்றே சரிசெய்ய முடிந்த பூச்சு மேல்.

எந்தப் பாகத்துக்கு எது?

ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் மேல் கல் உரசுமா? உரசினால் பிரஷ் எட்டுமா?

*பவுடர் கோட்டிங்:* ரூஃப் கேரியர், ஸ்டெப்னி பிராக்கெட், ஸ்டீல் ரிம், சீட் ஃப்ரேம், இன்ஜின் பகுதியில் உள்ள சிறு பிராக்கெட்டுகள். அடி குறைவு, கழற்றுவதும் சுலபம். வெயில் படும் பாகத்துக்குப் பாலியஸ்டர் பவுடர் கேளுங்கள். வெறும் எபாக்ஸி பவுடர் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு போல உதிரும்.

*பெயிண்ட்:* சேசிஸ், ஆக்ஸில் ஹவுசிங், ஸ்கிட் பிளேட், பாறையில் உரசும் சைடு ஸ்டெப்பின் அடிப்பக்கம். இவை அடி வாங்குவதற்கென்றே இருப்பவை.

*இரண்டும் வேண்டாம்:* சேசிஸின் பெட்டி போன்ற உட்புறத்துக்கு பிரஷ்ஷும் போகாது, பவுடரும் சரியாகப் போகாது. அங்கே துவாரம் வழியாகத் தெளிக்கும் கேவிட்டி வேக்ஸ்தான் சரி. சைலன்சரில் சாதாரண பவுடரும் பெயிண்டும் கருகிவிடும். அதற்கென்று உள்ள உயர்வெப்ப சிலிக்கோன் பெயிண்ட் வேண்டும்.

பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு எந்தப் பூச்சு என்று யோசிப்பதற்கு முன், 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அத்தகைய தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதை நினைவில் வையுங்கள்.

அடுப்புக்குள் போகக் கூடாதவை

எண்ணெயோ கேஸோ நிரம்பிய ஷாக் அப்சார்பரை ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது. சூட்டில் வெடிக்கலாம். பெட்ரோல் வாடை போகாத டேங்க்கும் அப்படியே. ரப்பர் புஷ், ஆயில் சீல், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் பாகத்தைக் கொடுக்க வேண்டும். அலாய் வீலை அளவுக்கு மீறிச் சூடேற்றினால் அதன் வலு குறையும்.

ஸ்பிரிங், உயர்வலு போல்ட் போன்றவற்றின் துருவை எடுக்க ஆசிடில் முக்கவும் விடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பார்க்க நன்றாக இருக்கும் இரும்பே பாரம் ஏறும்போது பட்டென்று உடையலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பவுடரோ பெயிண்டோ, பாதி ஆயுள் அடியில் இருக்கும் இரும்பின் சுத்தத்தில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. எனவே விலை பேசும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. பிளாஸ்டிங் உண்டா, செவன் டேங்க் ப்ராசஸா, வெறும் உப்புத்தாளா? செவன் டேங்க் என்றால் எண்ணெய் நீக்கி, துரு எடுத்து, அலசி, பாஸ்பேட் பூச்சு ஏற்றும் வரிசை. அதில் ஆசிட் உண்டு என்பதால் ஸ்பிரிங்குக்கு வேண்டாம்.

2. பிளாஸ்டிங் முடிந்து எத்தனை மணி நேரத்தில் பூச்சு ஏறும்? சென்னை ஈரக் காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே பழுப்பேறிவிடும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றால் நல்லதல்ல.

3. பவுடருக்கு அடியில் ஸிங்க் பிரைமர் உண்டா? கேட்டால்தான் போடுவார்கள். செலவு கூடும். ஆனால் கல்லடிக்கு அதுதான் இரண்டாவது காவல்.

4. அடுப்பில் நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள்? கனமான இரும்பு சூடேற நேரமெடுக்கும். காற்று 200 டிகிரி காட்டினாலும் இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அரைவேக்காட்டுப் பவுடர் பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் உதிரும்.

5. போல்ட் துளை, மரை, பேரிங் உட்காரும் இடத்தை மறைத்தீர்களா? மறைக்காவிட்டால் மாட்டும்போது சுத்தியல் வேண்டியிருக்கும்.

திரும்ப வாங்கும்போது உள்மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். மின்னேற்றிய தூள் ஆழமான மூலைக்குள் எளிதில் போகாது. வெல்டிங் மூலைகளில் பூச்சு மெலிந்திருந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். விரிசலோ ஓட்டையோ விழுந்த பாகத்தின் மேல் எதையும் பூசி மறைக்கச் சம்மதிக்காதீர்கள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லை மாற்ற வேண்டும்.

மழை விட்ட பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் வட்டாரத்தில் தண்ணீர் தேங்கியது பலருக்கும் நினைவிருக்கும். சகதித் தண்ணீரில் நின்ற வண்டிக்குப் பூச்சு எதுவாக இருந்தாலும் பரிசோதனை அவசியம். கடற்கரை மணலில் ஓட்டிவந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வண்டியைக் கழுவிக் காயவிட்டு, டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் குத்திப் பாருங்கள். உரிந்தால் கெட்டியான இரும்பு வரும்வரை சுரண்டி, துடைத்து, பிரைமரும் பெயிண்டும் பூசுங்கள். குத்தும்போது ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் பெயிண்ட் வேலை இல்லை, மெக்கானிக் வேலை.

மேனாம்பேட்டு அண்ணன் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. மேலே இருப்பதற்குப் பவுடர், கீழே அடிவாங்குவதற்குப் பெயிண்ட். கூடவே ஷெட்டில் எப்போதும் ஒரு சின்ன டப்பா பிரைமரும் ஒரு பிரஷ்ஷும்.