பல் இம்ப்ளான்ட்: விலையைக் கேட்டீங்க, கிரேடைக் கேட்டீங்களா?

ஏற்காட்டிலிருந்து பல் இம்ப்ளான்ட் வைக்க சேலம் இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே தடவையில் முடிகிற வேலையும் இல்லை; டைட்டானியம் எலும்போடு இணையவே சில மாதங்கள் ஆகும். அதனால் முதல் நாளே கேட்டுடுங்க: “எந்த டைட்டானியம், டாக்டர்?”

கிரேடு 4 என்றால் வேறு உலோகம் கலக்காத டைட்டானியம். கிரேடு 5-ல் சுமார் 6% அலுமினியம், 4% வனேடியம் உண்டு, வலிமை கூடுதல். இரண்டுமே பயன்பாட்டில் உள்ளவைதான். நம்பர் கூடினால் தரம் கூடும்னு அர்த்தம் இல்லை. அது மார்க் அல்ல, வகை.

கிரேடைவிட முக்கியம், கையில் வாங்கும் அட்டை. கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் நம்பர் அதில் இருக்கணும். பத்து வருஷம் கழித்து ஸ்க்ரூ தளர்ந்தால், வேறொரு டாக்டர் பொருத்தமான பாகத்தைத் தேட அதுதான் வழி. அதைத் தரத் தயங்கும் இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும், அது மலிவு இல்லை.