சாய்வாலாவுக்கு எப்படித் தெரியும்?

டேனி பாயில் இயக்கத்தில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்', மும்பைச் சேரியில் பிறந்து தாயை இழந்த சிறுவன் ஒருவன் தொலைக்காட்சிப் போட்டியில் 2 கோடி ரூபாய் வெல்லும் கதையாகவே பெரும்பாலோர் நினைவில் நிற்கிறது. மனத்துக்கு இதமூட்டும் படம் என்ற விளம்பரமும், எட்டு ஆஸ்கர் விருதுகளும், ரயில் நிலையத்து இறுதி நடனமும் அந்த நினைவை உறுதிப்படுத்திவிட்டன. ஆயினும் ஏழை எவ்வாறு பணக்காரனானான் என்பதைவிட, அலுவலகத்தில் தேநீர் கொண்டுகொடுக்கும் ஒரு 'சாய்வாலா'வுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்ற கேள்வியே படத்தை முதற்காட்சியிலிருந்து நகர்த்திச் செல்கிறது.

அக்கேள்வியை முதலில் கேட்பது காவல்துறை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் 16,000 ரூபாயைத் தாண்டாத போட்டியில் எழுத்தறிவு குறைந்த இளைஞன் 1 கோடியை எட்டிவிட்டதால், அவன் ஏமாற்றியிருக்கத்தான் வேண்டும் என்று முடிவுகட்டி, கைகளைக் கட்டித் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். விசாரணையின்போது வரும் ஒரு சிறு உரையாடல் படத்தின் உயிர்நாடி எனத் தகும். இந்தியாவின் தேசியச் சின்னத்தின் கீழே பொறிக்கப்பட்டுள்ள வாசகம் எது என்பது போட்டியின் தொடக்கக் கேள்விகளுள் ஒன்று. 'வாய்மையே வெல்லும்' என்று பொருள்படும் அவ்வாசகம் அந்த இளைஞனான ஜமால் மாலிக்குக்குத் தெரியவில்லை, பார்வையாளர்களின் வாக்கைக் கேட்டே அவன் விடை சொல்லியிருக்கிறான். சிறு குழந்தைக்கும் தெரிந்த செய்தியாயிற்றே என்று இர்ஃபான் கான் ஏற்றுள்ள ஆய்வாளர் வியக்க, சௌபாட்டிக் கடற்கரையில் பானிபூரி என்ன விலை என்று ஜமால் திருப்பிக் கேட்கிறான். காவலர்களின் கணக்கு பழைய கணக்கு. தீபாவளிக்குப் பின் விலை ஏறியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. காவலர் ஒருவரின் மிதிவண்டியைத் திருடியவன் யார் என்பதும், ஜூஹுவில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வரை அறிந்திருக்க, அவர்களுக்கு மட்டும் தெரியாது. அறிவு என்று எதைக் கணக்கில் கொள்கிறோம், எதைத் தள்ளிவிடுகிறோம் என்பதை இந்தச் சில விநாடிகள் காட்டுவதுபோல் நீண்ட ஆய்வுரைகளும் காட்டுவதரிது.

படத்தின் கட்டமைப்பும் இதைச் சார்ந்ததே. ஒவ்வொரு கேள்விக்கும் விடை எங்கிருந்து வந்தது என்பதைக் கடந்தகாலத்துக்குச் சென்று காட்டும் பின்னோக்கு உத்தியைத் திரைக்கதையாசிரியர் சைமன் போஃபாய் கையாள்கிறார். அவ்வாறு திறக்கும் கதவுகளுள் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. இராமன் வலக்கையில் ஏந்தியிருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை, மதக் கலவரத்தில் தாய் கொல்லப்பட்ட நாளில், தப்பியோடும் வழியில் சந்து ஒன்றில் உடல் முழுதும் நீலம் பூசி வில்லும் அம்புமாக நின்ற சிறுவனின் உருவம். ஒரு பக்திப் பாடலை இயற்றியவர் யார் என்ற கேள்விக்கு விடை, சிறுவர்களைப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலின் கூடாரம். பார்வையற்ற சிறுவன் பாடினால் இருமடங்கு காசு விழும் என்பதற்காக, நன்றாகப் பாடிக் காட்டிய அர்விந்தை மயக்கமுறச் செய்து அவன் கண்பார்வையைப் பறித்துவிடுகிறார்கள். படம் சரியெனக் கூறும் விடை சூர்தாஸ். மரபின்படி அவரும் கண்பார்வையற்றவர் என்பதால் அந்தப் பொருத்தம் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் 'தர்ஷன் தோ கன்ஷ்யாம்' என்னும் அப்பாடல் 1957இல் வந்த 'நர்சி பகத்' படத்துக்காகக் கவிஞர் கோபால் சிங் நேபாளி எழுதியது. எளியவனின் அறிவை மதிக்கச் சொல்லும் படம், ஒரு கவிஞருக்குச் சேரவேண்டிய பெயரைத் தவறவிட்டது வருத்தத்துக்குரியது.

இந்தியாவில் 2009 ஜனவரியில் வெளியானபோது, தலைப்பில் சேரிமக்களை நாயோடு சேர்த்துப் பேசும் சொல்லுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதே சேரியின் சந்துகளில் காவலருக்குத் தப்பிச் சிறுவர்கள் தலைதெறிக்க ஓடும் காட்சிக்கு ஏ.ஆர்.ரஹ்மானும், ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வும் தந்த 'ஓ சாயா' பாடல், அவர்களை இரக்கத்துக்குரியவர்களாகக் குறுக்காமல், வேகமும் விளையாட்டும் நிறைந்தவர்களாகத் தூக்கி நிறுத்துகிறது. இரண்டு ஆஸ்கர்களை ஏந்திய மேடையில் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று ரஹ்மான் தமிழில் சொன்னது தமிழர் நெஞ்சில் இன்றும் இனிக்கிறது.

படத்துக்கு மூலமானது, இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியாக இருந்த விகாஸ் ஸ்வரூப் 2005இல் வெளியிட்ட 'கியூ அண்ட் ஏ' நாவல். அதன் நாயகன் ராம் முகம்மது தாமஸ், முடிவெடுக்க வேண்டிய போதெல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பார்ப்பான். இருபுறமும் தலையே உள்ள நாணயம் அது என்பது இறுதியில் தெரியவருகிறது, அவன் அதை வீசியெறிந்துவிடுகிறான். படமோ நேர்மாறாக, ஜமால் எப்படி வென்றான் என்று தொடக்கத்தில் தானே கேட்ட கேள்விக்கு, எல்லாம் எழுதிவைக்கப்பட்டது என்ற விடையைத் தெரிவுசெய்து முடிகிறது. கடைசிக் கேள்வியான, 'தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்' நாவலின் மூன்றாவது துப்பாக்கி வீரனின் பெயர் ஜமாலுக்கும் தெரியாது, தொலைபேசியில் பேசும் அவன் காதலி லத்திகாவுக்கும் தெரியாது. குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகிவிடுகிறது. அதற்கு முந்தைய கிரிக்கெட் கேள்வியில், தொகுப்பாளர் பிரேம் குமார் கழிப்பறைக் கண்ணாடியில் எழுதிக் காட்டிய எழுத்தை நம்பாமல் ஜமால் மற்றதைத் தேர்ந்தது, கருணை காட்டுவதுபோல் வருபவர்களிடம் சிறு வயதிலேயே ஏமாந்து கற்ற பாடத்தால். அப்படி உழைத்துப் பெற்ற அறிவைக் கடைசியில் விதியின் கணக்கில் வரவு வைப்பது, ஜமாலுக்குச் செய்யும் அநீதி.

எல்லாம் விதி என்பதை மறுக்கும் சான்றும் படத்துக்குள்ளேயே உள்ளது. அமெரிக்க நூறு டாலர் தாளில் இருக்கும் முகம் யாருடையது என்பது 10 லட்சம் ரூபாய்க்கான கேள்வி. சுரங்கப்பாதை ஒன்றில் பாடிப் பிச்சையெடுக்கும் அர்விந்தின் கையில் பல ஆண்டுகளுக்குப் பின் ஜமால் அத்தகைய தாளை வைக்கிறான். அதில் யார் படம் இருக்கிறது என்று அர்விந்த் கேட்கிறான். உச்சி வழுக்கை, பக்கங்களில் பெண்பிள்ளையைப்போல் நீண்ட முடி என்று ஜமால் சொல்லச் சொல்ல, காணாத முகத்துக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று அர்விந்தே பெயரிடுகிறான். அந்த விடை முதலில் அவனுடையது. நீ தப்பினாய், நான் தப்பவில்லை, நமக்குள் வேறுபாடு அவ்வளவே என்ற பொருளில், கசப்பே இல்லாமல் அவன் பேசுகிறான். ஜமால் லத்திகாவைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான். சத்ரபதி சிவாஜி நிலைய நடைமேடையில் நூற்றுக்கணக்கானோர் ஆடும்வரை படம் ஓடினாலும், அர்விந்திடம் அது திரும்பி வருவதில்லை.