மெழுகும் கித்தானும்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி நம் நண்பர்கள் பேசும்போது ஒரு கதை தவறாமல் வருகிறது. கே.சி.எஸ். பணிக்கர் என்ற மகான் 1966-இல் சிஷ்யர்களை அழைத்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் மணலுக்குப் போனார். அவர்கள் வயிற்றுக்காகப் பாத்திக் துணி போட்டார்கள், ஆத்மாவுக்காகப் படம் வரைந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு என்ற பெயரில் இதை ஏற்க எனக்குச் சம்மதமில்லை.

முதலில் தேதிகள். பணிக்கர் முன்னின்று முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியது 1944-இல். கிராமம் அதற்கு 22 ஆண்டுகள் பிந்தியது. 1957 முதல் 1967 வரை அவர் சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல்வர். அதாவது, கிராமம் தோன்றியபோது மகான் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இதில் குறை ஒன்றும் இல்லை. துறவறக் கதை மட்டும் அடிபட்டுப் போகிறது.

நிலம் வாங்கிய பணமும் யாரோ புரவலர் தானமாகப் போட்டதல்ல. ஓவியர்கள் செய்த கைவினைப் பொருள்கள் விற்றுச் சேர்ந்தது. உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுக்கிற வேலை அது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் இறங்கி, கை போடாத கோடு ஒன்று விழும். இந்தக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண், கித்தான் முன் நின்றதும் அதை மறந்துவிடுமா? ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பாருங்கள். முன்பக்கமே பிரதானமான அந்த உருவங்கள் கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டுகின்றன. நந்தகோபாலின் செம்பிலும் எனாமலிலும் கம்மாளன் கை தெரிகிறது. வயிற்றுக்கு எது, ஆத்மாவுக்கு எது என்று இங்கே பிரித்துக் காட்ட யாரால் முடியும்?

இந்தப் பிரிவினை மேல் நம்மவர்களுக்கு ஏன் இத்தனை மோகம் என்பது எனக்குத் தெரியும். பகலில் ஆபீஸ், இரவில் கவிதை என்று இருப்பவர்கள் நாம். பகலைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டால் இரவு தானாகப் புனிதமாகிவிடுகிறது. நானும் பகல் முழுக்க லெட்ஜர் எழுதுகிறவன். அந்த எட்டு மணி நேரத்தில் பார்த்த முகங்களும் கடன்களும் எழுத்தில் ஒரு வரிகூட வராமல் காத்துக்கொள்வதைச் சுத்தக் கலை என்று சொல்வது வறட்டுக் கௌரவம்.

2009-இல் அங்கே தற்காலக் கலை மையமும் திறந்தாயிற்று. இனி நினைவுரைகளுக்குக் குறைவிருக்காது. வேண்டியது வேறு: எந்தத் துணி என்ன விலைக்குப் போயிற்று, அதில் சங்கத்தின் பங்கு எவ்வளவு, யார் எவ்வளவு நேரம் சாயத் தொட்டியில் நின்றார்கள், அதே மாதம் அவர்கள் வரைந்தது என்ன. இந்த ரசீதுகளை ஒதுக்கிவிட்டு எழுதப்படுவது ஸ்தல புராணம்தான்.