300 ரூபாய் கத்திக்கு 1,000 ரூபாய் கிட் எதுக்கு?

சமையல் கத்தியோட மரப்பிடி வெளுத்து, சொரசொரப்பாயிடுச்சுன்னா நம்மள்ல பலர் புதுக் கத்தி ஆர்டர் பண்ணிடறோம். இல்லைன்னா ரீல்ஸ் பார்த்துட்டு சாண்டிங் மெஷின், வெளிநாட்டு எண்ணெய், மெழுகுன்னு முழு கிட்டையும் கார்ட்ல போடறோம். என்னைக் கேட்டா ரெண்டுமே வீண் செலவு.

கத்தியில சொத்து இரும்புதான். மண்வெட்டிப் பிடி உடைஞ்சா நம்ம ஊர்ல பிடியை மட்டும்தானே மாத்துவாங்க? பிடி போச்சேன்னு திருப்பாச்சேத்தி அரிவாளை யாரும் குப்பையில போடறதில்ல.

சி.ஏ. பாஷையில சொன்னா, பிடியைத் தேய்ச்சு எண்ணெய் போடறது பராமரிப்பு. ஏ.எஸ். 10 கணக்கியல் தரநிலைப்படி, அன்றாடப் பராமரிப்புச் செலவு சொத்தோட மதிப்புல சேராது. 1,000 ரூபாய்க்கு கிட் வாங்கினதால 300 ரூபாய் கத்தி 1,300 ரூபாய் கத்தி ஆகிடாது.

தேவை ரெண்டே பொருள். தென்னூர்லயோ காந்தி மார்க்கெட் பக்கமோ ஹார்டுவேர் கடையில 120, 240, 400 நம்பர் உப்புத்தாள் ஒவ்வொண்ணு. மெடிக்கல் ஷாப்ல ஒரு பாட்டில் லிக்விட் பாரஃபின்.

பிடியைக் கழுவி ஒரு நாள் நிழல்ல காய விடுங்க. கத்தி முனையைக் கெட்டியான துணியால சுத்தி டேப் ஒட்டுங்க. மர ரேகை ஓடுற திசையிலேயே 120, 240, 400னு வரிசையா தேயுங்க. தூசியைத் துடைச்சு எண்ணெயைத் தாராளமா தடவி, ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில மிச்சத்தைத் துடைங்க. மறுநாள் இன்னொரு தடவை. இந்த எண்ணெய் இறுகிக் கெட்டியாகாது. அதனால மாசம் ஒரு தடவை தடவணும். சிங்க் தண்ணியில கத்தியை ஊறப் போடவே கூடாது.

"வீட்ல தேங்காய் எண்ணெய் இருக்கே?"ன்னு கேப்பீங்க. அது நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும். பெயிண்ட் கடை 'பாயில்டு' லின்சீட் ஆயில்ல சீக்கிரம் காயறதுக்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பாங்க, சமையலுக்கு வேண்டாம். லின்சீட் ஆயில் நனைச்ச துணியைச் சுருட்டிப் போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போ கணக்கு. உப்புத்தாள், எண்ணெய் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்னு வச்சுக்குவோம். வீட்ல மூணு கத்தி இருந்தா ஒண்ணுக்கு 50 ரூபாய். எண்ணெய் வேற மிச்சமிருக்கும். மரக்கரண்டி, சப்பாத்திக் கட்டைக்கும் ஆகும். ஒரே ஒரு கத்திதான், அதுவும் 150 ரூபாய் கத்தின்னா, இந்த வேலையில பண லாபம் இல்ல. அதையும் நேர்மையா சொல்லணும்.

பிடி ஆழமா வெடிச்சிருந்தாலோ, ரிவெட் ஆடினாலோ எண்ணெய் காப்பாத்தாது. வெடிப்புல அழுக்கு சேரும், வெட்டும்போது கை நழுவும். அங்க சிக்கனம் பார்க்காதீங்க. பிடியை மாத்துங்க, முடியலைன்னா கத்தியையே மாத்துங்க.

ஷூ, பேக், பைக், லேப்டாப் எல்லாத்துக்கும் இதே கேள்விதான். சம்பளம் வந்த வாரம் கார்ட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க: போனது இரும்பா, வெறும் பிடியா?