நீரிழிவும் நம்மவர் சிறுநீரகமும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றதெனக் கேள்வியுற்றவுடன் அயலவர் முதலிற் பழிப்பது கிணற்று நீரையே. சுண்ணாம்புக்கல் நிலத்து நீர், உரம் ஊறிய நீர் எனப் பலவாறு கூறுவர். வடமத்திய மாகாணத்து உழவர்களின் துன்பத்தையும் சான்றாக எடுத்துக்காட்டுவர். பதவியா, மதவாச்சி முதலிய இடங்களில் 1990களிலிருந்து வைத்தியர்கள் கண்டுவரும் அந்நோய்க்கு ஐயந்திரிபற்ற காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. நீரிழிவு முதலிய தெரிந்த காரணங்கள் இல்லாதாரையும் அது பற்றுவதனாலேயே காரணம் அறியாச் சிறுநீரக நோய் எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதன்மையான காரணமோ நன்கு அறியப்பட்டதொன்று. அது நம்மவர் சலரோகம் என வழங்கும் நீரிழிவேயாம். நன்னீர் வேண்டாவென யாரும் கூறார்; அது வேறு வழக்கு. ஆயினும், கிணற்றைப் பழித்தவன் தன் இலையிலே பரிமாறப்பட்டதைப் பார்க்கவேண்டியதில்லை என்பதனாலன்றோ அப்பழி நமக்கு இத்துணை வசதியாயிருக்கின்றது!

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகள் உள. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரைக் குருதியினின்று வடித்து, ஒன்றிரண்டு லீற்றரை மாத்திரம் வெளியேவிட்டு, எஞ்சியதை உடலுக்கு மீளக் கொடுக்கின்றன. குருதியிற் சீனி மிகுந்து நிற்கும்போது இவ்வடிகளுள் அமுக்கம் ஏறுகின்றது. தொடக்கத்தில் அவை அளவுக்கு மிஞ்சி உழைக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல வடியின் சவ்வு கெட்டு, உடலிலே தங்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசியத் தொடங்குகின்றது. இவ்வளவும் நிகழுங்கால் நோவில்லை, வீக்கமில்லை, சோர்வுமில்லை. கால் வீங்கி, உணவு வெறுத்து, வைத்தியரை நாடும் நாளில் வடிகளிற் பெரும்பாகம் அழிந்துபோயிருக்கும்.

ஆதலின் உடம்பு சுகமாயிருக்கிறது என்னும் நம்பிக்கை இந்நோயில் ஒரு சாட்சியமே அன்று. இலண்டன் கைஸ் வைத்தியசாலையிலே பணியாற்றிய றிச்சட் பிறைற் என்னும் வைத்தியர், 1827இல் வெளியிட்ட நூலில், சிறுநீரிற் புரதம் கசிதலுக்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் உள்ள தொடர்பை விளக்கினார். சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சினால் அப்புரதம் வெண்மையாய்த் திரளும். அக்காலத்துப் பரிசோதனை அவ்வளவே. 1921இல் தொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டபின் நீரிழிவாளர் நெடுநாள் வாழலாயினர். 1936இல் கிம்மல்ஸ்ரீல், வில்சன் என்னும் இருவர் நீரிழிவாளரின் சிறுநீரக வடிகளிற் காணப்படும் முடிச்சுக்களை விவரித்தனர். இன்றோ, நாளொன்றுக்கு 30 மில்லிகிராமளவான கசிவையும் ஒரு சிறு போத்தற் சிறுநீரைக்கொண்டு அறியலாம். நீரிழிவு கண்டவர் ஆண்டுக்கொருமுறை இதனையும் கிரியாற்றினின் என்னும் குருதிப் பரிசோதனையையும் செய்வித்தல் வேண்டும். காய்ச்சலிலும் கடும் உழைப்பின் பின்னும் அல்புமின் சற்று ஏறக்கூடுமாதலின், ஒருமுறை கூடிக் கண்டால் மீண்டும் பார்த்தே முடிவுசெய்வர்.

நம்மவர் செய்வது வேறு. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னரே சோற்றைக் குறைத்து, காலையில் வெறுவயிற்றிற் குருதி கொடுத்து, சீனி சரியாயிருக்கிறதென மகிழ்ந்து வருவர். சோதனைக்கு முதல்நாள் இரவு மாத்திரம் விழித்திருந்து படிக்கும் மாணவனை ஆசிரியர்கள் அறிவார்கள், இவர்களும் அவ்வினத்தவரே. இரண்டு மூன்று மாதக் கணக்கை ஒருங்கே காட்டும் குருதிப் பரிசோதனையும் உண்டு. அதனை இப்படி ஏமாற்ற முடியாது.

இன்னொரு கேடு கைமருந்து. சீனியைக் குறைக்குமென்று காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் பிழிந்து வெறுவயிற்றிற் குடிக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. அச்சாற்றில் மிகுந்துள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்திற் படிந்து அதனைச் சில நாட்களிலேயே செயலிழக்கச் செய்தமையை இலங்கை வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர். மூட்டு நோவுக்குக் கடையிலே தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளும் இவ்வாறே சிறுநீரகத்துக்குப் பகை.

கசிவு தொடக்கத்திற் கண்டறியப்பட்டால் செய்யத்தக்கன பல. குருதியமுக்கத்தைக் குறைத்தல் முதன்மையானது. அமுக்கத்தைக் குறைப்பதோடு வடிகளையும் காக்கும் மருந்து நோயின் வேகத்தைத் தணிக்குமென்பது 1993இலேயே நிறுவப்பட்டது. சீனியைச் சிறுநீர்வழியே வெளியேற்றும் மாத்திரை வகையும் அவ்வாறு பயன்படுமென 2019இல் வெளிவந்த பேராய்வு காட்டியது. காலந்தாழ்த்தினால் எஞ்சுவது இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரித்தல்: வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். நோயாளியின் தொழிலும் போம்; துணைசெல்பவரின் தொழிலும் போம்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு நிதி வேண்டிப் பத்திரிகைகளில் வரும் விண்ணப்பங்களை யாவரும் காண்கின்றோம். பழைய மாணவர் சங்கங்களும் கடல்கடந்த கிளைகளும் இயன்றதைத் தாராளமாய்க் கொடுக்கின்றன. அக்கொடையைக் குறைகூறேன். ஆனால் அது நோயின் கடைசிப் படியிலேயே சென்று சேர்கின்றது. முதற்படியிற் சென்று சேருமாறு அதனிற் சிறுபகுதியை ஒதுக்கலாகாதா? 2005, 2006ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வொன்று, 20 வயதிற்கு மேற்பட்டாரில் ஏறத்தாழப் பதின்மருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததெனக் கண்டது. போர் காரணமாக வடக்குக் கிழக்கு மாகாணங்கள் அதிற் சேர்க்கப்படவில்லை. நமது பொதுக்கூட்டத்திற்கு வருவோரிற் பெரும்பாலார் நடுவயதைக் கடந்தவர். மண்டபத்தின் முன்வரிசையிலேயே அக்கணக்கு அமர்ந்திருக்கின்றது.

மகளின் திருமணப் பேச்சுக் கெடுமென்றும், பதவியிலுள்ளோர் ஏளனஞ்செய்வரென்றும் நீரிழிவை மறைப்பார் நம்முட் பலர். அவர்களுக்கு அறிவுரை கூறுவதினும், முடிவைத் தனியுறையில் அவரவர் கையிலேயே கொடுப்பதாக உறுதிகூறல் பயன் தரும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று, மதிய போசனத்திற்கு முன்னர், ஒரு மேசையிற் குருதியமுக்கமானி, மற்றொன்றிற் சிறுநீர்ப் போத்தல்கள். பொறுப்பேற்க வைத்தியத்துறையிலுள்ள நம் பழைய மாணவர் இருவர். செலவைப் பொருளாளர் கணக்கிட்டுச் செயற்குழுவின் முன் வைப்பாராக.