கரையேறியதும் படகுக்கும் சாப்பாடு

தூண்டில் பைத்தியம் பிடித்தவர்கள் பினாங்கில் அதிகம். ரீலுக்கு 500 வெள்ளி, மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவிக்கு 1,000 வெள்ளி என்று எடுத்துக் கொடுக்க அவர்களுக்குக் கை கூசாது. பேட்டரி சார்ஜர் என்றால் மட்டும், “வீட்டுல கார் சார்ஜர் கெடக்குதே, அது போதாதா?” என்பார்கள். என் மச்சானும் அதே கட்சிதான். பழைய 18 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, பாயான் பாரு வீட்டு வாசலில் டிரெய்லரோடு நிறுத்தியிருக்கிறார். “ரேடியோவுல எல்லாத்தையும் பேசுற, இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்” என்றார். படித்தேன், கடைக்காரர்களையும் படகுக்காரர்களையும் கேட்டேன்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு மீன்பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் திரும்புவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வருவதும் அந்த நேரத்தில்தான். பாலத் தூண்களை ஒட்டி மீன் நிற்கும். நீரோட்டமும் அங்கே வேகமாக இருக்கும். கொஞ்சம் தள்ளினால் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் பாதை. அந்த இடத்தில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு இஞ்சின் அடங்கிவிட்டால் என்ன செய்வது? 60 குதிரைத்திறன் இஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்புவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

“இஞ்சின் ஓடினாலே சார்ஜ் ஏறுமே” என்பார்கள். ஏறும், வேகமாக ஓடும்போது. ஜெரெஜாக் தீவைச் சுற்றி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தால் ஏறுவது மிகக் குறைவு. சத்தமில்லாமல் படகை நகர்த்தும் சின்ன மின்மோட்டாரோ, முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை குடிக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம்தான்.

அதனால் பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்று இஞ்சினைக் கிளப்ப மட்டும். விளக்கு, திரை, பாட்டு எதையும் அதில் மாட்டக் கூடாது. மற்றது மீன்பிடி வேலைகளுக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கும் இரட்டை வெளியீட்டுச் சார்ஜரைத்தான் வாங்க வேண்டும். ஈய பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆம்பியர் சரியான கணக்கு. 100 ஆம்பியர்-மணிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், பாதி காலியான பேட்டரி ராத்திரி தூங்கி எழுவதற்குள் நிறைந்துவிடும். நல்ல சார்ஜர், 14.4 வோல்ட் அளவில் நிரப்பியதும் தானாகவே 13.5 அளவுக்கு இறங்கிக் காத்திருக்கும். பழைய கார் சார்ஜர்களில் பலவற்றுக்கு அந்த நிதானம் கிடையாது. ஏற்றிக்கொண்டே போய், உள்ளே இருக்கும் அமில நீரைக் கொதிக்க வைத்துவிடும்.

லித்தியம் பேட்டரி என்றால், சார்ஜரில் லித்தியத்துக்கென்றே தனி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஈய பேட்டரிக்குப் புத்துயிர் கொடுக்கும் அமைப்பை இதில் போட்டால் கெட்டுவிடும்.

கடையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அமெரிக்கச் சார்ஜர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. பிளக்கை மாற்றிச் செருகினால் புகைதான் மிச்சம். பெட்டியின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

பொருத்தும்போது சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்க. அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடமும் ஆகாது. காற்றோட்டமுள்ள பக்கச் சுவரில் திருகுங்கள். திருகு படகின் வெளித்தோலைத் துளைக்காத நீளமாக இருக்கட்டும். உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் தாங்கும். வீட்டு ஒயர் சீக்கிரமே பச்சைப் பூத்து நிற்கும். சிவப்புக் கம்பியில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சில சார்ஜர்களின் கம்பியிலேயே அது இருக்கும். முதலில் பேட்டரியில் மாட்டிவிட்டு, கடைசியாகத்தான் சுவரில் செருக வேண்டும், கழற்றும்போது தலைகீழ். அந்தச் சுவர் பிளக்குக்கு மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் உண்டா என்று எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயரிங்காரரிடம் கேளுங்கள். மழை பெய்யும் வாசலில், ஈரத் தரையில் கிடக்கும் நீட்டிப்புக் கம்பியை நினைத்தாலே எனக்கு நடுக்கம்.

முதல் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 2019 செப்டம்பர் 2-ஆம் தேதி கலிபோர்னியா அருகே ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு அதிகாலையில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். படகில் பலருடைய பேட்டரிக் கருவிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. தீ எதனால் பிடித்தது என்று விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் சுற்றி வந்து பார்க்க ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ச் சார்ஜரையும் கம்பி முனைகளையும் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் இளஞ்சூடாக இருக்கலாம், கம்பி முனை சுடக் கூடாது. சுட்டால் இணைப்பு தளர்வு என்று அர்த்தம்.

படகுக்காரர்கள் சிலர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். சார்ஜர் பிளக்கைச் செருகும்போதே கார் சாவியையும் அந்தச் சுவிட்சில் மாட்டிவிடுவார்கள். கம்பியைக் கழற்றாமல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பத்து மாவுங் வரை போய்விட முடியாது பாருங்கள்.