இடறுகல்லை அகற்றுவோம்



நம் பங்கில் நடந்ததொரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறேன்; அதில் குற்றவாளி நானே. தோல் பதனிடும் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நீரிழிவு நோயால் பார்வையை இழந்து தனியே வாழ்கிறார். தம் மனைவியின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்காக ஒரு மாலை ஆலயம் வந்தார். திருப்பலியோ காலையிலேயே நிறைவேறிவிட்டது. நேரம் மாறியதை வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் அறிவித்தேனே என்றேன். "சாமி, எழுத்தாக வந்தால் என் போன் படித்துச் சொல்லும். நீங்கள் அனுப்பியது போட்டோ. 'போட்டோ' என்று சொல்லி அது நின்றுவிட்டது" என்றார். கையால் எழுதிய அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். என் இரண்டு நிமிடச் சோம்பல், அவர் ஓராண்டு காத்திருந்த திருப்பலியை அவரிடமிருந்து பறித்துவிட்டது.

பார்வையற்றோர் கைபேசியைப் பயன்படுத்தும் விதத்தை அன்றுதான் அறிந்தேன். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் வசதி, 'டாக்பேக்' என்ற பெயரில் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், 'வாய்ஸ்ஓவர்' என்ற பெயரில் ஐபோனிலும் உண்டு. கணினிக்கான 'என்.வி.டி.ஏ.' என்னும் இலவச மென்பொருளை 2006-இல் தொடங்கியவர்கள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் இருவர். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கருவிகளும் இன்று வந்துள்ளன. ஆயினும் தமிழ்க் கையெழுத்தைக் கண்டால் அவை தடுமாறுகின்றன.

இஃது ஒரு பங்கின் சிறு குறை அன்று. வங்கி, ஓய்வூதியம், மருத்துவமனை, பயணச்சீட்டு என யாவும் இன்று இணையத்தின் வாசல் வழியே நடைபெறுகின்றன. அவ்வாசல் சிலருக்கு அடைபட்டே கிடக்கிறது. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது, உயிரோடிருப்பதைக் காட்டக் கண்ணிமைக்கும்படி கேட்கப்பட்டார். இமைக்க இயலாதவர் என்ன செய்வார்? அவரும் பிறரும் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தனர். இணையச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் அறிவித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. கண்ணிமைத்தலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இந்நீதி நமக்குப் புதியதன்று. பார்வையற்றவர் முன் இடறுகல் வைத்தலை லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் விலக்குகிறது. வைப்பவர் பகைவராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை; எண்ணிப் பாராதவரும் வைக்கிறார். மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வர், கூட்டத்தால் வழி அடைபட்டபோது வீடு திரும்பவில்லை, கூரையையே திறந்தனர். மாற வேண்டியது கட்டடமே, நோயாளி அல்லர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

காலணித் தொழிலால் வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைக் கடினமான செருப்பு புண்ணாக்குவதைக் கண்ட மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய தோழர்களும், வேலூரிலும் கரிகிரியிலும் மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பை உருவாக்கினர். செருப்புக்கேற்பக் காலை வெட்டுவார் எவருமிலர். அந்த நியாயமே இணையத்துக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அன்பியச் செய்தியாயினும் திருமண அழைப்பாயினும், படத்தோடு அதன் செய்தியை எழுத்திலும் அனுப்புங்கள். காணொளியில் பேச்சை எழுத்தாகவும் காட்டுங்கள். செவித்திறன் குன்றியோர்க்கு அது பயன்படும். எழுத்து பெரிதாகவும், பின்னணி நிறத்திலிருந்து வேறுபட்டும் இருக்கட்டும். கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் அமைப்போர், கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பு வசதியால் மட்டும் அதை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். இளைஞர்களே, உங்கள் தெருவிலுள்ள பார்வையற்றவரின் கைபேசியில் அவ்வசதியை அமைத்து, பொறுமையோடு கற்றுக் கொடுங்கள்.

அப்பெரியவரின் துணைவியாருக்காக மறுவாரமே மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அதன் அறிவிப்பை எழுத்தாகவே அனுப்பியிருந்தேன். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.